இரவல் சேலையும் இடுப்புத் துணியும்: கேள்வி-பதில்

நகரப் பணிகளுக்கு வெளியிலிருந்து ஆலோசகர்களை அமர்த்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த வாரப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கே: மாநகராட்சியில் இத்தனை இன்ஜினீயர்கள் இருக்கும்போது, மழைநீர் வடிகால் கட்ட வெளியிலிருந்து கன்சல்டன்ட் எதற்கு? (வாசகி, கொளத்தூர்)

ப: 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் உள்ளே வந்தன. வந்த இடங்களில் பலவற்றில் முறையான வடிகாலே கிடையாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் அவசரமாகக் கட்ட வேண்டிய நிலை. தினமும் ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டில் கல்யாணம் வந்தால் சமையல்காரரைக் கூப்பிடுகிறோம். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகும் அவரே தினமும் வந்து ரசம் வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. என் கவலை அதுதான்.

கே: கன்சல்டன்ட், கான்ட்ராக்டர் என்ன வித்தியாசம்? (கல்லூரி மாணவர், சேலம்)

ப: கான்ட்ராக்டர் கட்டுகிறவர். என்ன கட்டுவது, எங்கே கட்டுவது, கட்டியது சரியா என்று சொல்கிறவர் கன்சல்டன்ட். முதலாமவர் தவறினால் சுவர் விரியும். இரண்டாமவர் தவறினால் நல்ல சுவர் தப்பான இடத்தில் நிற்கும்.

கே: கடன் கொடுப்பவர்கள்தான் ஆலோசகரைத் தலையில் கட்டுகிறார்களாமே? (வியாபாரி, மணலி)

ப: உங்கள் கொசஸ்தலை ஆற்றுப் படுகை வடிகாலுக்கு 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. அடையாறு, கூவம் படுகைகளுக்கு உலக வங்கி. கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. இத்தகைய கடன் திட்டங்களில் மேற்பார்வைக்கு ஆலோசகர் இருப்பது வழக்கம். தரம், சுற்றுச்சூழல், மக்களுக்கு வரும் இடைஞ்சல் எல்லாவற்றுக்கும் எழுத்தில் அறிக்கை கேட்பது நல்ல பழக்கம். ஆனால் அறிக்கையில் வராத அறிவும் ஊரில் உண்டு. கோவளம் படுகையில் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை மக்கள், மழை தானாக உள்ளே இறங்கும் மணல் தரையில் கான்கிரீட் வடிகால் ஏன் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அதை வரைபடம் போடும் முன்பே ஊராரிடம் கேட்டிருக்கலாம்.

கே: வெளி ஆலோசகரால் ஒரு நகரம் பிழைத்த கதை உண்டா? (ஆசிரியை, கிருஷ்ணகிரி)

ப: உண்டு. 1908 செப்டம்பர் 28-ல் மூசி ஆறு ஐதராபாத்துக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மறு ஆண்டு நிஜாம் அரசு, பம்பாய் அரசுப் பணியை விட்டு வந்திருந்த பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. அவர் நகரத்துக்குள் நின்று கரையை மட்டும் பார்க்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு மழை பெய்தது, ஏரிகள் எப்படி ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன என்று கணக்கெடுத்தார். வெள்ளத்தை ஊருக்கு மேலேயே நிறுத்த வேண்டும் என்றார். மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-ல் முடிந்தது. ஈசி ஆற்றின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-ல் முடிந்தது. வெள்ளத்தைத் தாங்க வந்த அணைகள் நகரத்துக்குக் குடிநீரும் கொடுத்தன.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று. 1909 முடிவதற்குள் விஸ்வேஸ்வரய்யா மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உழைத்து அந்த அணைகளை எழுப்பியவர்கள் ஐதராபாத் அரசின் சொந்தப் பொறியாளர்கள். யோசனை வெளியிலிருந்து வந்தது. அதை வாங்கிச் செய்யும் கை வீட்டில் இருந்தது.

கே: தி.நகர் மேட்லி சாலை யார் பெயரில் இருக்கிறது? (ஆட்டோ ஓட்டுநர், சைதாப்பேட்டை)

ப: ஜே.டபிள்யூ. மேட்லி. நூறாண்டுக்கு முன் சென்னையின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கென்று தனியாக அமர்த்தப்பட்ட பொறியாளர். 1914-ல் செயல்படத் தொடங்கிய கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் அவர் உழைப்பு இருக்கிறது. அறிக்கை கொடுத்துவிட்டுப் போகாமல், இருந்து கட்டியவர். சாலைக்குப் பெயர் வைத்தது பொருத்தம்.

கே: கெட்டுப்போன கதையும் சொல்லுங்கள். (வங்கி ஊழியர், திருச்சி)

ப: அமெரிக்காவின் பாஸ்டன். நகரத்தின் நடுவே போன மேம்பாலச் சாலையைப் பூமிக்கடியில் இறக்கும் 'பிக் டிக்' திட்டம். வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் நிர்வகிக்க பெக்டெல், பார்சன்ஸ் பிரிங்கர்ஹாஃப் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தை அமர்த்தினார்கள். 1998-ல் அரசு ஊழியர்களையும் ஆலோசகரின் ஊழியர்களையும் ஒரே அமைப்பாகக் கலந்துவிட்டார்கள். வேலை செய்கிறவர் யார், சரிபார்க்கிறவர் யார் என்ற கோடு அழிந்தது.

சுரங்கத்தின் கூரைப் பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் பசை வைத்துப் பொருத்தப்பட்டவை. சில போல்ட்டுகள் நழுவுவது 1999-லேயே கண்ணில் பட்டது. அப்போதைக்குச் சரிசெய்தார்கள். ஏன் நழுவியது என்று அடிவரை போய்ப் பார்க்கவில்லை. 2006 ஜூலை 10 இரவு கான்கிரீட் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்தன. ஒரு பெண் இறந்தார். 2008-ல் அந்த ஆலோசனைக் கூட்டு நிறுவனம் வழக்கைத் தீர்க்க 40.7 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பணம் திரும்பி வந்தது, போன உயிர் வரவில்லை. பரீட்சை எழுதுகிறவரும் தாள் திருத்துகிறவரும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது.

கே: ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? குறைந்த விலை சொன்னவருக்கா? (வாசகர், ஈரோடு)

ப: பெரும்பாலும் தகுதிக்கும் விலைக்கும் தனித்தனி மதிப்பெண். தகுதிக்கு 70 அல்லது 80, விலைக்கு மீதி. சரியான முறைதான். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. டெண்டரில் முப்பது வருட அனுபவசாலியின் பயோடேட்டா மதிப்பெண் வாங்கித் தரும். வேலை தொடங்கியதும் அவர் போய், நேற்றுப் படித்து முடித்த பையன் வருவான். மாற்றாக வருபவர் சமமான தகுதியோடு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே விதி எழுதுகிறார்கள். அந்த விதியை வாசித்துக் காட்டித் திருப்பி அனுப்ப ஓர் அதிகாரி வேண்டும். மாப்பிள்ளையைக் காட்டி நிச்சயம் செய்துவிட்டு, மணமேடைக்கு வேறு ஆளை அனுப்பினால் விடுவோமா?

கே: அவர்களுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில்? (கணக்காளர், மதுரை)

ப: மூன்று வழி. திட்டச் செலவில் இத்தனை சதவீதம் என்றால், செலவு ஏறும்போது அவர் கட்டணமும் ஏறும். சிக்கனமாகக் கட்டச் சொல்ல அவருக்கு ஏன் மனம் வரும்? ஆள்-மாதக் கணக்கு என்றால், தாமதமே வருமானம். இன்ன அறிக்கைக்கு இவ்வளவு என்றால், தாள் நேரத்துக்கு வரும், தண்ணீர் வடியுமா என்று தெரியாது. எந்த வழியிலும் கடைசித் தவணையை நிறுத்திவைத்து, ஒரு பருவமழை பார்த்த பிறகு கொடுக்க வேண்டும். மழையைவிட நேர்மையான தணிக்கையாளர் யார்?

கே: நீங்கள் நேரில் பார்த்தது ஏதாவது? (வாசகி, புதுக்கோட்டை)

ப: என் தெருவையே சொல்கிறேன். வடிகாலுக்கு வெளி நிறுவனம் ஒன்று படம் போட்டது. கம்பி கட்டி, பலகை அடைத்து, கான்கிரீட்டைக் குறையில்லாமல் போட்டார்கள். முதல் பெருமழையில் எங்கள் தண்ணீரும் போகவில்லை, பக்கத்துத் தெருத் தண்ணீரும் எங்களிடம் வந்து தங்கியது. ஜனவரியில், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய உதவிப் பொறியாளர் ஒருவர் வந்தார். முக்காலியில் லெவல் கருவியை நிறுத்தினார். பணியாளர் ஒருவர் வடிகால் மூடியைத் திறந்து, அளவுப் பலகையை அடித்தளத்தில் ஊன்றிப் பிடித்தார். இவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து எழுதினார். அடுத்த மூடி, அடுத்த எண். கால்வாயில் சேரும் கடைசி முனையில் நிமிர்ந்து, "நம்ம தெருப் பக்கத்தைவிட இங்க நாலு விரக்கடை மேல இருக்கு சார்" என்றார். கால்வாய் ஓரம் தளம் உயர்த்தப்பட்டது பழைய அளவை வைத்து வரைந்த படத்தில் ஏறவில்லை.

வேலை தொடங்கிய முதல் வாரமே டீக்கடைக்காரர், "தண்ணி எப்பவும் பிள்ளையார் கோயில் பக்கந்தான் போகும்" என்று சொல்லியிருந்தார். அதை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை.

கே: எங்கள் காலத்தில் எம்-புக் (அளவுப் புத்தகம்) எழுதுவோம். இப்போது ஆலோசகரின் ஆளே அளவெடுக்கிறாரே? (ஓய்வுபெற்ற பொறியாளர், வேலூர்)

ப: உங்கள் ஆதங்கம் புரிகிறது ஐயா. எண், நீளம், அகலம், ஆழம் என்று கட்டம் கட்டிய அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர், பென்ஷன் வாங்கும் வரை அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆலோசகரின் ஆள் அளவெடுக்கட்டும். நாடாவின் மறுமுனை மாநகராட்சிப் பொறியாளர் கையில் இருக்கட்டும்.

கே: ஆலோசகரிடம் கற்றுக்கொண்டு மேலே வந்த அரசு நிறுவனம் உண்டா? (ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர், சென்னை)

ப: டெல்லி மெட்ரோ. 1995-ல் தொடங்கிய அந்த நிறுவனம், முதல் பாதையை வெளிநாட்டு ஆலோசகர்களின் துணையோடு கட்டி 2002 டிசம்பர் 24-ல் ஓடவிட்டது. ஸ்ரீதரன் தலைமையில் அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். பிறகு சென்னை மெட்ரோ முதல் கட்டத்தின் விரிவான திட்ட அறிக்கையை எழுதியதே டெல்லி மெட்ரோதான். கொச்சியில் கட்டிக் கொடுத்தது. டாக்கா மெட்ரோவுக்கு ஆலோசகர் குழுவில் ஒன்றாகப் போனது. மாணவன் வாத்தியாரானான். ஒவ்வோர் ஆலோசகர் ஒப்பந்தமும் இப்படித்தான் முடிய வேண்டும்.

கே: ஸ்மார்ட் சிட்டி முடிந்துவிட்டது. ஆலோசகர்களும் போய்விட்டார்கள். மிச்சம் என்ன? (வாசகர், தஞ்சாவூர்)

ப: 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்த திட்டம். நாட்டில் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. உங்கள் ஊரும் அதில் ஒன்று. மாநகராட்சி அலுவலகத்தில் நீங்கள் கேட்க வேண்டியது, கட்டியபடி வரைந்த வரைபடம். போடத் திட்டமிட்ட குழாயைக் காட்டும் படம் வேறு, போட்ட குழாயைக் காட்டும் படம் வேறு. இரண்டாவது இல்லாவிட்டால், நாளைக்கு ஓர் அடைப்பை எடுக்கத் தெருவையே தோண்ட வேண்டும்.

கே: எங்கள் தெரு வேலையை நாங்களே பார்க்க உரிமை உண்டா? (குடியிருப்போர் சங்கம், அம்பத்தூர்)

ப: உண்டு. 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் காகிதத்தோடு நிற்கவில்லை. பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் அதில் இடம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. ஆலோசகரின் ஒப்பந்தம், அவர் வேலை வரம்பு, தரச் சோதனை அறிக்கை மூன்றையும் கேளுங்கள். பள்ளம் மூடுவதற்கு முன் கேளுங்கள்.

கே: சிவில் முடித்தேன். ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா? (பட்டதாரி, நாகர்கோவில்)

ப: தயங்காமல் போங்கள். நல்ல ஆலோசகர்கள் இந்த நாட்டுக்கு நிறைய வேண்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்கள் படம் போட்ட தெருவுக்கு மழை பெய்யும்போது போய், செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். கணினி சொல்லாததைக் கணுக்கால் சொல்லும்.

கே: கடைசியாக, ஆலோசகர் வேண்டுமா, வேண்டாமா? (வாசகி, பெரம்பூர்)

ப: வேண்டும். சுரங்கம் தோண்டவும், வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கவும் தெரிந்தவர்களை எங்கிருந்தாலும் அழைத்து வர வேண்டும். ஆனால் இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறியக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது நகரத்துக்கும் பொருந்தும். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள், இளம் பொறியாளர்களை ஆலோசகரின் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் ஒப்பந்தம் முடிந்து போன மறுநாள் ராத்திரி மழை கொட்டினால், எந்த மூடியை முதலில் திறக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் மாநகராட்சிச் சம்பளத்தில் இருக்க வேண்டும்.