ஆபீஸ் சங்கர்லால்

1980களில் சென்னை மவுண்ட் ரோடுப் பக்கம் ஏதாவது பத்திரிகை ஆபீசுக்குப் போயிருந்தால் இவனைப் பார்த்திருப்பீர்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் இவன். ஆபீஸ் பையன் என்று பேர்; மீசை முளைத்துப் பல வருஷமாகிறது. "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பானே தவிர, நீங்கள் சொல்லும் பதிலைக் காதில் வாங்க மாட்டான். கண் உங்கள் செருப்பின் மேல் இருக்கும். "சார் வெளியூரா?" என்பான். உங்கள் கையில் சூட்கேஸ், பை, சுருட்டிய ஜமக்காளம் எல்லாம் இருக்கும். அவன் கண்டுபிடித்தது செருப்பில் ஒட்டிய செம்மண்ணை வைத்து!

துப்பறியக் கற்ற கல்விக்கூடம் ஸ்டூலுக்கு அடியிலேயே இருக்கிறது. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி எல்லோரும் அட்டை கிழிந்து அங்கே குடியிருக்கிறார்கள். சுஜாதாவின் கணேஷ் - வசந்துக்கு மட்டும் இரண்டாம் இடம். "அவங்க வக்கீலுங்க சார், கோர்ட்டுக்குப் போயிடறாங்க" என்பது குறை. குலதெய்வம் தமிழ்வாணனின் சங்கர்லால்தான். தேநீர் உள்ளே போனால்தான் அவருக்கு மூளை ஓடும். நம்மாள் நாள் முழுக்கத் தேநீர் சுமக்கிறவன். துப்பறியும் தொழிலுக்குப் பாதித் தகுதி வந்துவிட்டதாக நினைப்பு.

மீதித் தகுதியை கிரைம் ரிப்போர்ட்டரிடம் கற்கலாம் என்று பார்த்தான். அவர் தினமும் எழும்பூர் கமிஷனர் ஆபீஸ் போய் வருகிறவர். "ஏதாவது க்ளூ கிடைச்சுதா சார்?" "பிரஸ் நோட்டுதான்டா கிடைச்சுது." அன்றோடு அவர்மேல் இருந்த மரியாதை போயிற்று.

ஆனால் புரூஃபைச் சுமந்து சுமந்து அவர் எழுதும் தமிழ் மட்டும் இவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. "மேனேஜர் எங்கேடா?" என்றால், "தலைமறைவாயிட்டாரு சார், வலைவீசித் தேடிட்டிருக்கேன்" என்பான். ஊரில் மாமன் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று லீவு கேட்டவன், 'திடுக்கிடும் தகவல் கிடைத்திருப்பதால்' என்று ஆரம்பித்திருந்தான். அதை மேனேஜர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். லீவோடு ஆறுதலும் சொன்னார்.

அவன் எடுத்த பெரிய கேஸ், கிளாஸ் கேஸ். நாயர் கடையிலிருந்து எட்டு கிளாஸ் போயிற்று, ஏழுதான் திரும்பியது. நாயர் பேசாமல் கணக்கு நோட்டில் ஏற்றிவிட்டார். நம்மாள் விடுவானா? கைரேகை எடுக்கப் பாக்கி ஏழு கிளாசுக்கும் கியூட்டிக்குரா பவுடர் போட்டான். அன்று சாயங்கால டீயில் புரூஃப் ரீடருக்கு நாக்கு மணத்தது.

அடுத்து விசாரணை. நைட் ஷிஃப்ட் சப் எடிட்டர் டெலிபிரிண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி பத்து மணிக்கு எங்கே இருந்தீங்க சார்?"

"இங்கேதான்டா. வெளியூர்ப் பதிப்பு முடிச்சுக்கிட்டிருந்தேன். நீதானே டீ கொடுத்தே?"

"அப்போ டீ வந்ததை ஒத்துக்கறீங்க."

"ஒத்துக்கறேன். பசை தீர்ந்துபோச்சு, போய் ரொப்பிட்டு வா."

ரொப்பிக்கொண்டு வந்து வைத்தான். வைத்துவிட்டு, 'சந்தேக நபர் பதற்றமில்லாமல் பசை தடவினார்' என்று குறித்துக்கொண்டான். மாசக் கணக்கு வாங்க மாடியேறிய நாயர்தான், சப் எடிட்டர் மேஜையில் பசையோடு நின்ற தன் கிளாசை அடையாளம் கண்டார். "அதை நானும் சந்தேகப்பட்டேன்" என்றான் நம்மாள்.

சிரிக்கலாம். ஆனால் அந்த ஆபீசில் இவனுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. எந்த ரிப்போர்ட்டர் எதிர் பத்திரிகைக்குத் தாவப்போகிறார் என்று தெரியும். பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுத்து வந்தவனே இவன்தான். யார் வீட்டுச் சங்கிலி சேட்டு கடையில் இருக்கிறது என்று தெரியும். வட்டி கட்டப் போனவனும் இவன்தான். முதலாளி அறையில் எவ்வளவு ரகசியம் பேசினாலும், டீ வைக்கிறவனுக்காக யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. கதையில் துப்பறிகிறவர்கள் ஒட்டுத்தாடி வைத்து, மாறுவேஷம் போட்டுச் சம்பாதிக்கிற சலுகை இது. இவனுக்கு அது வேலையோடு வந்தது. அதனாலேயே அவன் அதைத் துப்பு என்று மதிப்பதில்லை.

தீபாவளி நெருங்கினால் பாருங்கள். யூனியன் தலைவரிலிருந்து தலைமைச் செய்தியாளர் வரை ஒவ்வொருவராக ஸ்டூல் பக்கம் ஒதுங்குவார்கள். மறுநாள் ஆபீஸ் முழுக்க உலவும் 'நம்பத்தகுந்த வட்டாரம்' அந்த ஸ்டூல்தான்.

"போனஸ் எவ்வளவுடா தம்பி?"

"இந்த வருஷமும் 8.33 சதவீதம்தான் சார். முதலாளி கையெழுத்தே போட்டாச்சு" என்பான், கொட்டாவி விட்டபடி. பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வருவான்.

"அது கெடக்கட்டும். நோட்டீஸ் போர்டுல ரெண்டு குண்டூசி குறையுது, கவனிச்சீங்களா? உள்ளாள் வேலைதான் சார்."