ஆமாப் போடாத ஆளு

ஏலே பேரப்புள்ள, ராத்திரி 12 மணிக்கு மொட்டைமாடியில நின்னுக்கிட்டு "அப்படிச் சொல்லாதீங்கக்கா"ன்னு யார்ட்டயோ கெஞ்சினியாமே! ஒன் பொண்டாட்டி எனக்குப் போன் போட்டு ஒரே அழுகை. அப்புறம் விசாரிச்சா, நீ எழுதுத கதையில வார இட்லிக்கடை அக்காவாம். புருசனுக்குப் புத்திதான் பெரண்டுபோச்சுன்னு தெரிஞ்சதும் அந்தப் புள்ளைக்கு அப்பாடான்னு இருந்திருக்கு. வேற விசயமோன்னுல்லா பயந்திருக்கா.

இனிமே மாடிக்குப் போனா காதுல ஒரு வயரை மாட்டிக்கோ. ஊரே அப்படித்தான் கையை ஆட்டி ஆட்டித் தெருவுல பேசிக்கிட்டுப் போகுது. அந்தப் பக்கம் ஆளு இருக்கா இல்லையான்னு எவன் எட்டிப் பாக்கான்?

சரி, நீ கேட்டதுக்கு வாரேன். இல்லாத ஆளுகிட்டப் பேசுதது தனக்குத்தானே பேசுததுதானான்னு கேட்டிருக்க. எட்டு வயசுலயே திரைக்குப் பின்னால போய்ப் பாத்தவன்ல நான்.

அப்ப நம்ம ஊருக்குத் தோல்பாவைக்கூத்து வரும். ராமாயணம், பத்து நாளு. ராமரு வில்லை ஒடிக்கயில நாங்க தூங்கிருவோம். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தாத்தான் முழிப்போம். அந்த ரெண்டு கோமாளிப் பயலுவளும் போடுத சண்டை இருக்கே! ஒருநாள் பின்னால போயித் தட்டியை விலக்கிப் பாத்தேன். உள்ள ஒத்த ஆளு. வேர்த்து ஒழுகுது, ரெண்டு கையிலயும் ஆட்டுத்தோலு. அவன்தான் ராமரு, அவன்தான் சீதை. உச்சிக்குடும்பனும் அவன்தான், அவனை வைய உளுவத்தலையனும் அவன்தான். பக்கத்துல பொண்டாட்டி ஆர்மோனியப் பெட்டியோட. சீ, இந்த மனுசன் தன்னையேல்லா வைதுக்கிடுதான்னு திரும்பப் போனேன். அந்நேரம் உளுவத்தலையன் என்னமோ ஒண்ணைச் சொல்லிப்புட்டான். என்னன்னு கேக்காத, இந்தக் கடுதாசியை ஒன் பொண்டாட்டியும் படிப்பா. கூத்துக்காரனுக்கு உச்சிக்குடும்பன் வாயில வைக்கப் பதிலே வரலை. முழிக்கான், எச்சி முழுங்குதான். அந்தப் பொம்பள சிரிப்பை அடக்க முடியாமப் பெட்டிமேல சாயுதா. தனக்குத்தானே பேசுதவன் தன்கிட்டயே வாயடைச்சு நிப்பானாலே?

நீ என்னடான்னா அமெரிக்காக் கணக்கை அனுப்பி என்னை மிரட்டுத. ஓரிகன் பல்கலைக்கழகத்துல மார்ஜரி டெய்லர்னு ஒரு அம்மா, கதை எழுதுத 50 பேரைப் பிடிச்சுக் கேட்டாகளாம், நீங்க உண்டாக்கின ஆளு ஒங்க பேச்சைக் கேக்காமத் தன் போக்குல நடக்கானான்னு. நூத்துக்கு 92 பேரு ஆமான்னாகளாம். 2003ல அச்சிலயே வந்திருக்காம். அப்பம் 50ல நாலு பேருக்கு மட்டும் அப்படித் தோணலை. அந்த நாலு பேரு எழுதின கதையை மட்டும் எனக்கு வாங்கிட்டு வந்துராத.

ஆனா எல்லா இல்லாத ஆளும் ஒண்ணு கிடையாது, கேட்டுக்கோ. எனக்கு 25 வயசுல கழுகுமலை மாட்டுத்தாவணியில ஒரு காளையை விக்கணும். முந்துன ராத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டே தரகனை வரவழைச்சேன். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சான், நான் சொன்ன விலைக்கு மடங்கினான், "இப்படி மாடு தாவணியிலயே இல்லை அண்ணாச்சி"ன்னு ஒரு கும்பிடும் போட்டான். தங்கமான மனுசன். மறுநா வந்த நெசத் தரகன் மாட்டைச் சுத்தி ஒரு நடை நடந்தான். "பின்னங்காலைத் தாங்குதே"ன்னான். துண்டுக்குள்ள பிடிச்ச விரல்ல ஒண்ணை விட்டுட்டான். அப்ப ராத்திரி வந்தவன் யாரு? நான்தான். துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நானே என்கிட்ட வந்திருக்கேன். அதுதாம்ல தனக்குத்தானே பேசுதது.

அடுத்த வருசம் ஒரு வில்லங்கமான தரகனா உண்டாக்கினேன். வெத்தலைக்கறை வாயி, சந்தேகக் கண்ணு. பேரு வைக்கலை, பேரு வச்சா உறவாயிருவான். வந்த வேகத்துல, "முதுகுச் சுழியை எதுக்கு எண்ணெய் தடவிச் சீவி மறைச்சிருக்க?"ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. எனக்குத் தெரிஞ்ச விசயந்தான், ஆனா நான் பந்திக்குக் கூப்பிடாத விசயம். அவன் அதைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து முதல் இலையில உக்காத்திட்டான்.

வள்ளுவரே இதுக்கு ரெண்டு அதிகாரம் ஒதுக்கியிருக்காரு. 125ல தலைவி தன் நெஞ்சுகூடப் பேசுதா. 130ல அந்த நெஞ்சுகூடயே சண்டை. காதலரு நெஞ்சு அவரு கட்சியில ஒழுங்கா நிக்குது, நீ மட்டும் ஏன் எங்கூட நிக்க மாட்டேங்கன்னு. சொந்த நெஞ்சே கட்சி மாறும்னா, ஒன் இட்லிக்கடை அக்கா மாறுதது என்ன அதிசயம்?

அதனால அவ என்ன சொன்னான்னு எனக்கு விவரமா எழுது. "தம்பி, நீ நல்லா எழுதுத"ன்னு சொல்லியிருந்தா கதையை அடுப்புல வை. வில்லுப்பாட்டுல ஆமாப் போடுத ஆளுக்காவது கூலி உண்டு, நீ ஒருத்தியை ஓசியில ஆமாப் போட வச்சிருக்கன்னு அர்த்தம். "மாவு பொங்கி வழியுது, இப்ப எதுக்கு நான் அழணும்?"னு ஒன் கண்ணீர் சீனைத் தூக்கி எறிஞ்சிருந்தான்னா, அவளை விட்றாத. நீ கெஞ்சினதைப் பாத்தா ரெண்டாவது ரகம்னுதான் தோணுது.

என் கதையை யாரும் கேக்கலை, நானே சொல்லுதேன். ஒன் ஆச்சி போயி 6 வருசமாச்சு. அடுப்படியில நான் பேசுததெல்லாம் அவகூடத்தான். "அது கற்பனை இல்ல தாத்தா, ஞாபகம்"னு நீ பிரிச்சுப் பேசுவ, படிச்ச பய. ஞாபகம்னா அவ அன்னைக்குச் சொன்னதைத்தான திருப்பிச் சொல்லணும்? நேத்து மோருல உப்பை அள்ளிப் போட்டேன். "பிரசர் மாத்திரையும் முழுங்கிட்டு இம்புட்டு உப்பா?"ன்னு ஒரு அதட்டு. எனக்குப் பிரசர் வந்ததே அவ போயி ரெண்டு வருசம் கழிச்சு. இவளுக்கு யாருலே சொன்னது? அந்த மோரை மாட்டுத்தொட்டியில ஊத்திட்டு வேற கலக்கினேன்.