இருக்கை இருக்கிறது: தாம்பரம் வட்டார நாற்காலிகள் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் 'இரு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. "அண்ணன் இருக்காரா?" என்றால் ஆள் வீட்டில் உண்டா என்று கேட்கிறோம். 'வீற்றிருந்தான்' என்று மெய்க்கீர்த்தி சொன்னால் அரசன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். உளதாவதும் உட்காருவதும் ஒன்றுதான் என்று முன்னோர் முடிவு கட்டிவிட்டார்கள் போலும். இக்கட்டுரையின் கருதுகோள் அதற்கு எதிரானது. தாம்பரம் வட்டாரத்தில் இருக்கை இருப்பது வேறு, அதில் இருக்க முடிவது வேறு.

ஆய்வின் எல்லை: வடக்கே பல்லாவரம், தெற்கே கிளாம்பாக்கம், கிழக்கே மேடவாக்கம். மேற்கே முடிச்சூர்ப் பக்கம் போகவில்லை. ஆய்வு நடந்தது மழைக்காலத்தில். ஊர் தெரிந்தவர்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் 'இருத்தல்'. தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருப்பது. இதற்குக் கண்கூடான சான்று வேண்டுவோர் காலை எட்டரைக்கு குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்குப் போகலாம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அன்று முதல் இன்றுவரை தீராத கேள்வி ஒன்று இந்தத் தடத்தில் உண்டு: மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் உட்காரலாமா? தாம்பரத்தில் ஏறியவர்கள் கூடாது என்பார்கள். குரோம்பேட்டையில் ஏறியவர்கள் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்" என்பார்கள். வாதம் அத்துடன் முடிந்துவிடும். ஏனென்றால் கேட்கும்போதே அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதை அரையிருக்கை என்று பெயரிடுகிறேன். ஒரு தொடை பலகையில், மற்றது நடைபாதையில், முழு உடலின் பாரமும் இடது கால் பெருவிரலில். கிண்டியில் ஜன்னலோரத்து ஆள் இறங்குவார். அரையிருக்கைக்காரருக்கு முழு இடம் கிடைக்கும். மாம்பலத்தில் அவர் இறங்கவேண்டும்.

மற்ற நான்கு திணைகளுக்கும் சான்று தேடினேன். ஊடலுக்கு மட்டும் நிறையக் கிடைத்தது, எல்லாம் இதே பெட்டியில்.

'எர்கோனாமிக்ஸ்' என்ற சொல்லை 1857இல் உருவாக்கியவர் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி. கிரேக்கத்தில் ஒரு பாதிக்கு வேலை என்று பொருள், மறு பாதிக்கு விதி என்று பொருள். சேர்த்தால் வேலையின் விதி. தமிழில் இதை விளக்கத் தேவையில்லை. வேலை கிடைப்பதும் விதி, கிடைத்த வேலையில் முதுகு போவதும் விதி என்று நம்மவர்கள் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறார்கள்.

இனி நேரடிப் பரிசோதனை. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றானதும், சாப்பாட்டு மேஜை நாற்காலியில் எட்டு மாதம் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. "தரையில உக்காந்து எழுதின வரைக்கும் உனக்கு எந்த வலியும் இல்லடா" என்றார் அம்மா. அறிவியலில் நம்பிக்கையுள்ள நான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய மிக்ஸி, தைக்கிற மெஷின், பாதி செட் டம்பெல், கூண்டில் லவ் பேர்ட்ஸ், அவற்றுக்கு நடுவே வரிசையாக ஆபீஸ் நாற்காலிகள். வலை முதுகு, தலைக்குத் தனித் தாங்கி, ஐந்து சக்கரம்.

"ஐ.டி. கம்பெனி சேர் சார். உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். விமானி போல உணர்ந்தேன்.

"ஹைட்ராலிக் நல்லா இருக்கா?"

"கொஞ்சம் எறங்கும் சார்," என்றார் நேர்மையாக. "நீங்களும் கூடவே எறங்கிடுங்க."

விதிப்படி முழங்கால் தொண்ணூறு பாகையில் மடங்கவேண்டும், முழங்கையும் அப்படியே. பாதம் தரையில் படியவேண்டும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கவேண்டும். காலை ஒன்பதுக்கு நாற்காலியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுக் கவனித்தேன். ஒன்பது மணிக்குக் கால் தொங்குகிறது. பதினொன்றுக்கு கீபோர்டு நெஞ்சு வரை வந்துவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் மேஜை விளிம்பில் தாடை. ஆனால் உலகத்தின் மிகச் சரியான இருக்கை நிலை என் வீட்டில் தினமும் நிகழ்கிறது என்பதை மறுக்கமுடியாது. ஏறத்தாழ 9.40க்கு, ஒரு கணம், நாற்காலி அதைக் கடந்து போகிறது.

மாணவர் இருக்கை பற்றிச் சுருக்கமாக. 2025 ஜூலையில் பள்ளி வகுப்பறைகளில் பெஞ்சுகளை 'ப' வடிவில் போடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. கடைசி பெஞ்ச் என்ற சாதி ஒழியவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் 'ப'வின் இரண்டு கைகளிலும் உட்காரும் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவேண்டுமே என்று எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. எழுத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை என்று கருதுகிறேன். 'ட' போட்டிருந்தால் பாதிக் கழுத்துகளாவது தப்பியிருக்கும். 'ஓ' பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உட்கார இடம் கிடைத்தவர்களின் துன்பம். இன்னொரு வகையினர் உண்டு. காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை கடையில் நிற்கிறவர்கள். கால் நரம்பு சுருண்டு கொடிபோல் எழும்பும் இவர்களின் வாழ்க்கையை 2010இல் 'அங்காடித் தெரு' படத்தில் வசந்தபாலன் காட்டினார். பிரிட்டன் 1899லேயே இதற்கென ஒரு சட்டம் போட்டது: கடைகளில் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி கேட்டது. கடைகள் தொழிற்சாலைகள் அல்ல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் கேரளச் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 2021இல் தமிழ்நாடும் தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. வாய்ப்பு என்பது எப்போது வரும் என்று சட்டத்தில் இல்லை. இந்த இடத்துக்கு உரை எழுதவேண்டியவர்கள் கடை சூப்பர்வைசர்கள். அவர்கள் உரை எல்லாக் கடையிலும் ஒன்றே: கஸ்டமர் இருந்தால் உட்காரக்கூடாது, இல்லாவிட்டால் துணியை மடிக்கவேண்டும்.

களப்பணியாகச் சேலையூர்ப் பக்கம் ஒரு துணிக்கடைக்கு மனைவியுடன் போனேன். புடவைப் பிரிவில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். எங்களுக்குக் குஷன் வைத்த இரண்டு ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தபடி நாற்பது புடவைகளைப் பார்த்தோம். எடுத்துப் போட்டது ஒரே பெண். அவ்வப்போது ஒரு காலைத் தூக்கி மறு காலின் பின்னால் தேய்த்துக்கொண்டார்.

கல்லாவின் பின்னால், சுவரை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். விதிப்படியான ஸ்டூல்தான். அதன்மேல் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்.

"அது உங்களுக்குத்தானேம்மா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இல்ல சார், கேனுக்கு."

முடிவாக நாங்கள் எடுத்தது ஒரு ஜாக்கெட் பிட், எண்பது சென்டிமீட்டர்.