வளையம் சின்னதா, கோணம் தப்பா?

கேள்வி: ஷிஃப்ட் முடிந்து கூடைப்பந்து ஆடுகிறோம். குறி பார்த்து நேராகத்தான் எறிகிறேன். பந்து வளையத்தில் இடித்துத் திரும்பி வருகிறதே, ஏன்?
– வாசகர், தண்டலம்.

பதில்: வளையத்தின் மேல் பழி போடாதீர்கள். சென்னையின் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ வாங்கியதும் இதே 46 செ.மீ. வளையத்தில் பந்து போட்டுத்தான்! பந்தின் விட்டம் 24 செ.மீ. செங்குத்தாக இறங்கினால் தாராளமாக இடமிருக்கும். 45 டிகிரியில் இறங்கினால் வாசல் 32 செ.மீ.யாகச் சுருங்கும். 30 டிகிரியில் வெறும் 23; உரசாமல் நுழையவே முடியாது. உங்கள் 'நேர்' எறிதல் இந்த ரகம். ஃப்ரீ த்ரோவில் 50 டிகிரிக்குச் சற்று மேலே தூக்கி, விரல் நுனியால் பின்சுழற்சி கொடுங்கள். பலகையில் பட்டாலும் வேகம் தணிந்து வளையத்துக்குள் விழ வாய்ப்புண்டு. அரசியலில் குனிந்தே காரியம் சாதிக்கலாம். கூடைப்பந்தில் உயர்ந்தால்தான் புள்ளி!