பலாவுக்குச் சட்டம், பாஸுக்குச் சாரம்

கண்டியில் மரம் இறக்கும் பாஸ்மாரின் துணிச்சலை இதுவரை யாரும் முறையாகப் பாடவில்லை. ஹந்தானைச் சரிவில் வீட்டோரம் நிற்கும் சவுக்கையோ, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மதிலில் சாய்ந்துவிட்ட சப்பு மரத்தையோ வெட்ட அவர் வரும் கோலமே தனி. மடித்துக் கட்டிய சாரம், பாட்டாச் செருப்பு, வாயில் வெற்றிலை, கையில் செயின்சோ. அந்தச் சங்கிலி வினாடிக்குச் சுமார் 20 மீற்றர் ஓடும். ஐரோப்பாவில் இதற்கென்று தனிக் காற்சட்டை போடுகிறார்கள், பாவம். சங்கிலி பட்டதும் துணிக்குள் இருக்கும் நீள இழைகள் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சிக்கி, ஓட்டத்தையே நிறுத்திவிடும். கோழைகளின் கண்டுபிடிப்பு! நம் சாரமும் சுற்றிக்கொள்ளத்தான் செய்யும். கூடவே காலையும் அழைத்துக்கொண்டு போகும்.

நகரத்துக் கடையில் தலைக்கவசமும் முகவலையும் காதடைப்பானும் உறைகூடப் பிரியாமல் பளபளக்கின்றன. நெய் பூசி மயிற்பீலி சூட்டிய தொண்டைமானின் படைக்கலங்களை மெச்சிய ஔவையார் இங்கே வந்தால், அவருக்கு இன்னொரு பாட்டுக்கு விஷயம் கிடைக்கும்.

“சின்ன மரந்தானே!” என்பது பாஸின் மந்திரம். அதில்தான் அவர் மேதைமை முழுவதும் தெரிகிறது. விழ வேண்டிய பக்கம் வாய்போல ஒரு வெட்டுப் போட்டு, பின்பக்கம் வெட்டி வரும்போது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விடவேண்டும். மரத்தைப் பிடித்துத் திசை காட்டி இறக்குவது அந்த மிச்சம்தான். ஆறங்குல மரத்தில் அது அரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. வெட்டுக்குள் வாள் நுழைந்த பிறகு ஆப்பு அடிக்கவும் இடமிருக்காது. பெரிய மரம் மன்னிக்கும் பிழையைச் சின்ன மரம் மன்னிக்காது. பாஸோ ஒரே வெட்டில் காரியத்தை முடித்து, எங்கே விழுவதென்பதை மரத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுவார். மின்கம்பியும் பக்கத்து வீட்டுக் கூரையும் அந்த ஜனநாயகத்தில் பங்கெடுத்த நாட்கள் உண்டு.

வாள் நுனியின் மேற்பாதி எதிலாவது பட்டால், வாள் அப்படியே முகத்தை நோக்கி எகிறும். அதை அறிந்துதானோ என்னவோ, அவர் ஏணியில் ஏறி, தோளுக்கு மேலே, ஒற்றைக் கையால் பிடிக்கிறார். வாளுக்கு அலைச்சல் மிச்சம்.

பயிற்சியும் குருகுல முறைதான். மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டிய கையாள் பையன், மரத்தடியிலேயே கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்று, பாடத்தை மிக அருகிலிருந்து படிக்கிறான்.

“பாஸ், இந்தச் சங்கிலிப் பிறேக் எதுக்கு?”

“அது கம்பனிக்காரன் அழகுக்கு வச்சது, தம்பி.”

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர்கள், பிரசவத்திலும் நோயுற்ற எலும்பை அகற்றுவதிலும் பயன்படுத்தத்தான் முதன்முதலில் கையால் இழுக்கும் சங்கிலி வாளைச் செய்தார்கள். கருவியின் பிறந்தவீட்டுப் பாசத்தை அறுந்துபோக விடாமல் அவ்வப்போது ஆஸ்பத்திரி வரை காப்பாற்றி வரும் பெருமை நம் பாஸ்மாருக்கே.

அரசின் கருணையையும் சொல்லாமல் விட்டால் பாவம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும். பிறகு செயின்சோவைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள். 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதன் இறக்குமதிக்கே தடை என்றார். மரத்துக்குக் காவல், இயந்திரத்துக்குப் பதிவு! அதைப் பிடிக்கும் கைக்கு ஒருநாள் பயிற்சிகூட எவரும் கேட்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

வீட்டுக்காரர்களான நாம் மட்டும் குறைந்தவர்களா? பாஸ் வருமுன்பே ஓர்க்கிட் சட்டிகளை உள்ளே எடுத்துவைத்து, காரை வீதிக்கு இறக்கி, பிளேன்டீயோடு விறாந்தையில் நின்று கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். கூலியில் ஐந்நூறு குறைக்க அரைமணி நேரம் பேசினாலும், தலைக்கவசம் எங்கே என்று கேட்டு ஒருநாளும் அவர் மனத்தைப் புண்படுத்தியதில்லை.