நெல்லும் புகழும்

கலைமேதைகளைக் காலமான பிறகே கண்டுபிடிப்பது தஞ்சை ஜில்லாக்காரனின் ஜன்ம சுபாவமோ என்னவோ, அறியேன்; ஆனால் தஞ்சை அரண்மனையில் ஆடிய பாப்பம்மாளின் வம்சத்தில் வந்த பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் மகிமையை, அவர் 1984-இல் மறைந்து நெடுங்காலம் சென்ற பின், சத்யஜித் ராய் என்னும் வங்காளி 1976-இல் எடுத்து வைத்த ‘பாலா’ என்ற அரைமணி நேரப் படத்தில்தான், அதுவும் குறுவை நடவுக்குப் பம்புசெட் இறைத்துக்கொண்டிருக்க, வரப்பில் குந்தியபடி, கைபேசியில் தரிசித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கடற்கரைக் காற்று சேலையை அலைக்கழிக்க, அந்தக் காற்றையே பக்கவாத்தியமாக்கிக்கொண்டு அவர் கண்ணனை விரல் நுனியால் அழைத்தபோது, மடை உடைந்து என் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பிரயாணம் புறப்பட்டதும் எனக்குத் தெரியவில்லை.

இதே தஞ்சையில் ராஜராஜ சோழன், பெரிய கோயிலின் ஆடல் மகளிர் 400 பேருக்கும், பெயரையும் குடியிருந்த வீட்டின் வரிசையையும், பங்குக்கு 100 கலம் நெல் என்ற கணக்கையும் கல்லிலே வெட்டி வைத்தான். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அளந்தான் என்பதுதான் இதில் விசேஷம். நானோ நெல்லைப் பத்திரமாகப் பத்தாயத்தில் பூட்டிவிட்டு, புகழை மட்டும், வாங்கிக்கொள்ள ஆளில்லாத சமயம் பார்த்து, மரக்கால் மரக்காலாக அளந்துகொண்டிருக்கிறேன்.