நாறுனா விட்டுரு

ஏலே பேராண்டி, பையில என்னத்தலே அமுக்கிக் கொண்டாந்திருக்க? வாசல்லயே வை. உங்கம்மை மோந்தா, கேஸ் லீக்குன்னு ஆள் கூப்பிட்டுருவா.

சதுப்புக்குள்ள முட்டளவு சேத்துல எறங்கிப் பறிச்சியாக்கும். கெட்டிக்காரன்! உங்க நியூஜெர்சில மாசி பொறந்தும் பனி கெடக்கு. இந்தச் செடி மட்டும் கருஞ்செவப்புத் தொப்பியப் போட்டுக்கிட்டு வெளிய வந்து நிக்கி. அதைச் சுத்தி வட்டமாப் பனி உருகிக் கெடந்துச்சே, பாத்தியா? அடிக்கெழங்குல சேத்து வச்ச மாவுச்சத்தை எரிச்சு, வெளிக்குளிரைக் காட்டிலும் 15லேருந்து 35 டிகிரி வரை கூடுதலாப் பூவைச் சூடு பண்ணிக்கிடுதாம். ரெண்டு வாரத்துக்கு அணையாத அடுப்பு. 1974லயே ஒரு புரொபசர் அளந்து எழுதிட்டாரு. என்ன முழிக்க? நீ தூங்கையில உன் போன்லதான் படிச்சேன். உங்கப்பன் என்னடான்னா, ஹீட்டரை ஒரு டிகிரி கூட்டினா பில்லைத் தூக்கிக் காட்டுதான்.

வேரோட வரலயா? வராதுலே. அது வேர் வருசாவருசம் சுருங்கிச் சுருங்கிச் செடியை உள்ள இழுத்துக்கிடும். நாலு வருசத்துல மூணு வீடு மாத்துன உனக்கு அது எங்க புரியப்போவுது!

ஸ்கங்க் கேபேஜ்னு பேர் வச்சவன் பாதிதான் பொய் சொன்னான். ஸ்கங்க்ங்கிற நாத்தம் புடிச்ச பிராணி பேரு சரி, அந்த நாத்தம் இருக்கு. செத்த மாமிசம்னு நெனச்சு ஈயெல்லாம் ஓடி வருது. கேபேஜுங்கான் பாரு, அதுலதான் நீ மாட்டிக்கிட்ட. கோசுக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல. இது நம்ம சேம்பு, சேனைக்குப் பங்காளி. கடிச்சா நாக்குல ஆயிரம் ஊசி ஏறும். உங்க ஆச்சி சேனையைப் புளித்தண்ணியில வேகவச்சு அடக்குவா. இது வேகவச்சாலும் அடங்காது. பாஸ்தாவுல போடப் போறியாம்லா? போடு, போடு. ரெண்டு நாளைக்கு வாயத் தொறக்க மாட்ட, வீடு நிம்மதியா இருக்கும்.

மருந்துன்னு வேற சொல்லுத. அமெரிக்க மருந்துப் பொஸ்தகத்துல 1820லேருந்து 1882 வரை இருந்துச்சுதான். பொறவு ஏன் தூக்குனான்னு கேட்டியா? இதைத் திங்கிற ஆளும் உண்டு: குளிர்காலம் பூராத் தூங்கி எந்திரிச்ச கரடி இந்த எளங்குருத்தைத் திங்குமாம். நீ எந்திரிக்கிற நேரத்தைப் பாத்தா எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்ல, கேட்டுக்க. அதே சேத்துல, அதே பருவத்துல, ஃபால்ஸ் ஹெல்லபோர்னு இன்னொருத்தன் மொளைப்பான். நடுத்தண்டு உண்டு, எலையில கொசுவம் வச்ச மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும், நாத்தம் கெடையாது. பாக்க நல்லவன், தின்னா ஆளையே சாச்சுருவான். அதனால கணக்கு இதுதான்: நாறுனா விட்டுரு, நாறலன்னா ஓடிரு.

சரி, அந்தப் பையைக் கார் டிக்கியில மட்டும் வைக்காத. நாளைக்கு அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு எங்கயோ போறேன்னியே...

இல்ல, வை. எம்புட்டுத் தாங்கணும்னு அவளும் இப்பவே தெரிஞ்சுக்கிடட்டும்.